லுசேரோவின் அடியில் ஒரு துளி எண்ணெய்

நெலிதா புருசாஸ்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு.

எந்தப் பட்டறையைச் சிறு உருவில் செய்தாலும், மாத்தே என்ற மூலிகைத் தேநீர் உறிஞ்சும் குடுவையைத்தான் கடைசியாக வைப்பாள்.

கடுகளவுக் குடுவை. அதில் தலைமுடி போல ஓர் உறிஞ்சுகுழல். மரப்பெட்டிக்குள் ஸ்பேனர்கள் ஆணியில் தொங்கி, காலண்டரில் மழைக்கறை படிந்து, உள்ளங்கை நீளக் கார் நடுவில் வந்து நின்ற பிறகு, அந்தக் குடுவையை இடுக்கியால் எடுத்து மேஜை ஓரத்தில் ஒட்டுவாள்.

அது வைக்கப்படாதவரை பட்டறை முடியவில்லை என்று பொருள்.

பொய்ப்பல் கட்டிப் பழகிய விரல்கள் அவை. சான் எமெத்தெரியோவில் பாதிப்பேர் சிரிப்பது அவள் தயவில்!

இன்னொரு வழக்கமும் உண்டு. உண்மையான பட்டறையின் தரைக்குப்பையை அள்ளிவந்து, சலித்து, அந்தத் தூசியையே சின்னப் பட்டறையில் தூவுவாள். தூசி பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

அந்தச் சல்லடைதான் இப்போது வினையாக முடிந்தது.

ட்ரிங்... ட்ரிங்...!

எடுத்தாள்.

"ரோஸ்தாக்னோ பட்டறையைச் செய்யறியாமே?" துணி சுற்றிய ஆண் குரல்.

"யாரு பேசறது?"

"ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு அது வரக்கூடாது. ஒரு ஜாக்கி நழுவினா இன்னொண்ணும் நழுவும். புரியுதா?"

டொக்!

நெலிதா ரிசீவரை வைத்தாள். அருகில் அமர்ந்திருந்த அவள் தம்பி ஃபெர்மின் எழுந்தே விட்டான்.

"யாருக்கா?"

"நீ குத்தம் பண்ணலைன்னு தெரிஞ்ச ஒருத்தன்!"

கடந்த கோடையில் நடந்தது அது. ஊரே கதவடைத்துத் தூங்கும் மதிய வேளையில், தன் பட்டறையில், தன் சொந்தக் கோந்தோர் காரின் கீழ் நசுங்கிக் கிடந்தார் மெக்கானிக் ரோஸ்தாக்னோ. காரை ஜாக்கியில் ஏற்றிவிட்டு முட்டுக் கொடுக்காமல் சாப்பிடப் போனான் என்று அவருடைய ஒரே பணியாளன் ஃபெர்மின் மீது வழக்கு. வரும் வாரம் தீர்ப்பு. சிறை உறுதி என்றார் வக்கீல்.

"நான் கிளம்புறப்ப நாலு சக்கரமும் தரையில இருந்துச்சுக்கா" என்று அவனும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான்.

நம்பியவள் ஒருத்தி. ஆதாரம்தான் இல்லை.

சல்லடையில் அந்தப் பளபளப்பு மாட்டும்வரை!

ஒரு நட்சத்திரத்தின் உடைந்த முனை. குரோம் பூசியது.

சான் எமெத்தெரியோவில் இரண்டே கட்சிதான். கழுகுச் சின்னம் போட்ட கோந்தோர் கார்க் கட்சி. நட்சத்திரம் போட்ட லுசேரோ கார்க் கட்சி. பெண் கொடுப்பதுகூடச் சின்னம் பார்த்துத்தான். ரோஸ்தாக்னோவோ கோந்தோர் வெறியர். 'லுசேரோவுக்கு இங்கே நிழலும் கிடையாது' என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார்.

அந்தப் பட்டறைத் தரையில் லுசேரோவின் நட்சத்திரமா?

நெலிதா அன்றே இன்ஸ்பெக்டர் லுதுவேன்யாவிடம் ஓடினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரோஸ்தாக்னோ பட்டறையில லுசேரோவா? பூனை போய் நாய்க்கூண்டுல முட்டை போட்டுச்சாம்!"

"பூனை முட்டை போடாது சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன் டோன்யா நெலிதா!"

சிரித்ததோடு விடவில்லை. சாலை முனைக் காப்பிக்கடையில் அதையே நகைச்சுவையாக எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார். மறுநாளே இந்தத் தொலைபேசி!

"தெல்மோதான்" என்றாள் நெலிதா, பல்லைக் கடித்துக்கொண்டு.

தெல்மோ அகிரெசபாலா. லுசேரோ சங்கத் தலைவர். ரோஸ்தாக்னோவின் முகத்துக்கு நேரே, 'உன் ஜாக்கி உன்னையே கவுக்கும்டா' என்று கார்ப்பந்தயத் திடலில் கத்தியவர்.

"எப்படிக்கா நிரூபிப்ப? கேட்டா ஒத்துக்குவாரா?"

நெலிதா வேலை மேஜைப் பக்கம் திரும்பினாள். பிசின் சீசாவைத் திறந்தாள். அதில் கறுப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கத் தொடங்கினாள்.

காகத்தைப் பாட வைக்க நரி புகழ்ந்தது என்பார்கள். அந்தக் கதையை எழுதியவர் கார்ப் பைத்தியங்களைப் பார்த்ததில்லை. காகத்தின் வாயிலிருப்பது விழவேண்டும் என்றால் இன்னொரு வழியும் உண்டு.

'உன் குரல் கரகரப்பு' என்று சொல்லிப் பாருங்கள்!

ஞாயிறு. ஊர்ச் சங்கக் கூடத்தில் கண்காட்சி. வெளியே அடுப்பில் மாட்டிறைச்சி வாட்டும் புகை. உள்ளே மேஜை மேஜையாகச் சின்னப் பட்டறைகள். குழந்தைகளைவிடக் கிழவர்களே அதிகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோந்தோர் சங்கத் தலைவர் பௌதிலியோ மக்காரி வாசலிலேயே நெலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மார்பில் வெள்ளிக் கழுகு.

"வந்துட்டியாம்மா! நண்பனோட பட்டறையைப் பார்க்கணும்னு நான்தானே உன்னைச் செய்யச் சொன்னேன். மிரட்டல் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். பயமா இருந்தா திருப்பி எடுத்துட்டுப் போயிடு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"பயம்தான் டான் பௌதிலியோ. ஆனா கொண்டுவந்துட்டேன்."

அவள் கண்கள் தெல்மோவையே தேடின. இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார், கையில் இறைச்சி வைத்த ரொட்டியோடு.

நெலிதா பெட்டியை மேஜையில் வைத்துத் துணியை விலக்கினாள்.

கூடம் மூச்சை நிறுத்தியது!

அப்படியே ரோஸ்தாக்னோ பட்டறை. அதே பலகை. அதே துருப்பிடித்த விசிறி. ஆனால்... நடுவில் ஜாக்கியில் ஏறி நின்றது கோந்தோர் அல்ல!

வெளிர்நீல லுசேரோ!

அதன் அடியில் மினுங்கியது ஒரு கறுப்பு எண்ணெய்க் குட்டை.

"அடிப்பாவி!" என்றது ஒரு கோந்தோர்க் குரல். "செத்தவரை அவமானப்படுத்துறியா?"

"அன்னிக்கு அங்க நின்னது இதுதான்" என்றாள் நெலிதா உரக்க. தெல்மோவின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "பாவம் ரோஸ்தாக்னோ! ஓட்டை வண்டி. எந்தப் பக்கம் தொட்டாலும் ஒழுகிச்சு. இப்படி ஒரு குப்பையைச் சரி பண்ணப் போய்தான் உசிரை விட்டாரு!"

கோந்தோர்க் கட்சி கைகொட்டிச் சிரித்தது.

தெல்மோவின் மீசை துடித்தது. உதடு பிரிந்தது.

'சொல்லு... சொல்லு...' என்று மனத்துக்குள் அவரை உந்தினாள் நெலிதா. தம்பியின் ஆயுளே அந்த உதட்டில் தொங்கியது.

"என்ன டோன்யா இது?" தெல்மோவின் குரல் அழுகையாக வந்தது. "லுசேரோ எதுக்கு அங்க போகப்போகுது? அந்த ஆள் எங்க காரைப் பார்த்தாலே துப்புவாரே! சாகுறதுக்கு முந்தின வாரம்கூட என் முன்கண்ணாடியில துப்பினாரு!"

அவ்வளவுதான். வேறொன்றும் வரவில்லை.

நெலிதா துணியை மறுபடி கையில் எடுத்தாள். தூண்டிலில் புழு இருந்தது. மீன் இல்லை. ஃபெர்மின் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி சரி, கூத்து முடிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர், ரொட்டியைக் கடித்தபடி. "குப்பை வண்டியை மூடுங்க. ஒழுகற நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது!"

மறுபடியும் சிரிப்பு. தகரடப்பா என்றான் ஒருவன். எண்ணெய்க் கிணறு என்றான் இன்னொருவன்.

"நிறுத்துங்கடா!"

அலறல் நெலிதாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஒரு சொட்டு ஒழுகலை! எங்கப்பா வண்டி அது! அறுபது வருஷத்துல தரையைக் கறையாக்கினது கிடையாது! அன்னிக்கு சைலன்சரை இறுக்கத்தான் கொண்டுபோனேன்... ஒழுகுதாம்! யாருடா சொன்னது?"

சிரித்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அடுப்பில் கொழுப்பு சொட்டும் ஓசைகூடக் கேட்டது.

மார்பில் வெள்ளிக் கழுகுடன் நின்றுகொண்டிருந்தார்... பௌதிலியோ மக்காரி!

தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே இப்போதுதான் எட்டியது போலும். முகம் சுண்ணாம்பாகியது.

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து ரொட்டி நழுவியது.

"கோந்தோர்த் தலைவர் வீட்டுல... லுசேரோவா?"

"தானியக் கொட்டகையில இருக்கு." மக்காரி நாற்காலியில் சரிந்தார். "அப்பா சாகும்போது கொடுத்தது. ஊருக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடுமேன்னு சாக்கைப் போட்டு மூடி வெச்சேன். மத்தியானம் ஊர் தூங்கறப்ப மட்டும் எடுத்து ஓட்டுவேன். சைலன்சர் லொடலொடன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. ஊர் முழிச்சுக்குமே! ரோஸ்தாக்னோ கால்ல விழுந்தேன். 'நட்புக்காகத்தான்டா'ன்னு கதவைச் சாத்திட்டு அடியில படுத்தான்."

"அப்புறம்?"

"அவசரம். எல்லாரும் எந்திரிக்கறதுக்குள்ள போகணும்னு அவசரம். சத்தம் போகுதான்னு பார்க்க வண்டியில ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன். ஜாக்கி நழுவிடுச்சு."

"கார் கோந்தோரா மாறினது எப்படி?"

"நான்தான் மாத்தினேன். அவனோட வண்டியை அவன் மேலேயே..." முகத்தை மூடிக்கொண்டார். "லுசேரோவுக்கு அடியில செத்தான்னு ஊர் பேசக்கூடாதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பொய்! என்னைக் காப்பாத்திக்கத்தான். ஃபோன் பண்ணினதும் நான்தான்."

அரை மணியில் கொட்டகையின் சாக்குகள் விலகின. வெளிர்நீல லுசேரோ. பின்சக்கர மூடியில் முனை உடைந்த நட்சத்திரம். நெலிதாவின் துண்டு அதில் பொருந்தி உட்கார்ந்தது. பல்வரிசையில் பல் உட்காருவது போல!

யானைக்கும் அஞ்சாத சிங்கம், தன் நிழலைக் கண்டு கிணற்றில் குதித்தது. மனிதன் தன் பெருமையைக் கண்டு குதிக்கிறான். கிணறு ஒன்றுதான்.

கூடத்துக்குத் திரும்பியதும் மக்காரி மார்பிலிருந்த கழுகைக் கழற்றினார். கூடத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, ஃபெர்மின் முன் வந்து நின்றார்.

"ஊர் உன்னைக் காறித் துப்பினப்ப நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்டா தம்பி. கோர்ட்ல நான் நிக்கறேன். உன் பேருல விழுந்த கறையை என் வாயாலயே துடைக்கறேன். மன்னிப்பியா?"

ஃபெர்மின் அவர் கையிலிருந்த கழுகைப் பார்த்தான்.

"முதல்ல எங்க முதலாளி பொண்டாட்டிகிட்ட போய்க் கேளுங்க" என்றான். "அப்புறம் என்கிட்ட வாங்க."

"ஸ்டேஷனுக்குப் போற வழிதான்" என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைச் சரிசெய்தபடி. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "டோன்யா, நான் சொன்ன பூனை..."

"முட்டை போட்டுடுச்சு சார்!"

ஜீப் கிளம்பியது. நெலிதா திரும்பினாள். பட்டறைப் பெட்டியின் முன்னால் தெல்மோ தனியாக நின்று, அந்தக் கறுப்புக் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாவமும் அறியாத மனிதர். அவரைக் கொலைகாரர் என்று மனத்துக்குள் தூக்கில் போட்டவள் அவள்.

"டான் தெல்மோ... உங்க மேலதான் சந்தேகப்பட்டேன். உங்களைச் சீண்டத்தான் இந்த எண்ணெயையும் ஊத்தினேன். தப்பு என்னோடது."

அவள் பல் சுரண்டும் கருவியை எடுத்தாள். உறைந்த பிசினை ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினாள். குட்டை முழுதாகக் கழன்று வந்தது. தரை சுத்தமாயிற்று. பிறகு இடுக்கியால் கடுகளவு மாத்தேக் குடுவையை எடுத்து, மேஜை ஓரத்தில் ஒட்டினாள்.

பட்டறை முடிந்தது.

"இப்ப மன்னிச்சீங்களா?"

தெல்மோ மீசையைத் தடவிக்கொண்டார்.

"மன்னிச்சேன் டோன்யா. ஆனா நீங்க எங்க காருக்கு அடியில எண்ணெய் வெச்சதுதான் சரி."

"ஏன்?"

"கோந்தோருக்கு அடியில வெச்சிருந்தா... அது எப்பவும் இருக்கறதுதானேன்னு ஒருத்தனும் திரும்பியே பார்த்திருக்க மாட்டான்!"