உதட்டில் நிற்காத அரிசி

நர்ஸ் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்ட அந்தக் கேள்விதான் சரியில்லை.

"ஏம்மா, உங்க பொண்ணுக்கு வாய் தொறக்கறதுல எப்பவாச்சும் கஷ்டம் இருந்திருக்கா?"

உண்ணாமலை பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். குடல்வால் ஆபரேஷனுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்? செங்கம் ரோட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் டெட்டால் நெடியும் உரித்த ஆரஞ்சுத் தோலின் வாசனையும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்க, மேலே தகரக் கூரை வெயிலில் சூடேறி, யாரோ விரல் சொடுக்குவதைப் போல விட்டு விட்டு டிக், டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு உரித்தவள் ராணியம்மாள், கீழ்பென்னாத்தூர்க்காரி. வருகிற தை மாசம், உள்ளே படுத்திருக்கும் சரசுவுக்கு மாமியாராகப் போகிறவள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லியே. நல்லாத்தான் தொறப்பா."

"எங்க வீட்டுக்கு வந்தப்புறம் கொஞ்சம் கம்மியா தொறந்தா போதும்" என்று ராணியம்மாள் சிரித்தாள்.

"இல்லியாம் சார்" என்று நர்ஸ் உள்ளே திரும்பிச் சொன்னாள்.

மயக்க மருந்து டாக்டரின் குரல் கேட்டது. "அப்ப மருந்து பத்தல. அதையே இன்னும் கொஞ்சம் போடுங்க."

கதவு மூடியது.

காலையில் அதே டாக்டர் கட்டிலருகே நின்று, "ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் மயக்க மருந்து குடுத்து ஏதாவது ஆயிருக்கா?" என்று கேட்டபோதும், ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ராணியம்மாள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் உண்ணாமலை இல்லை என்றுதான் சொன்னாள்.

இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்த அவளுடைய அண்ணன் சடையன், எலும்பு சேர்க்க உள்ளே போகும்போது "பசிக்குது, வந்து ரெண்டு தோசை திங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவன், பலகை மாதிரி விறைத்து வெளியே வந்தான். குளிப்பாட்ட ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் அவன் உடம்பைத் தொட்டு வெதுவெதுவென்று மண்ணில் ஓடியது. வாய்க்கரிசி போட ஊரே குனிந்தது. பல் கிட்டிப்போய்த் தாடை இரும்பாகக் கிடந்தது. அரிசி உதட்டில் நிற்காமல் வழிந்து காதுக்குள் விழுந்தது. அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "விஷக் காய்ச்சல்னு சொல்லுங்க. வேற பேச்சு வந்துதோ, இவள எவனும் கட்டமாட்டான்."

யாரும் பேசவில்லை. அவளுக்குக் கல்யாணம் நடந்தது.

உள்ளே ஏதோ உருண்டது. வார்டு பாயின் குரல். "சார், மயக்க மெஷின் டப்பா சுடுது சார். கை வைக்க முடியல."

இப்போது சொல்லிவிடலாம். நாலு எட்டுதான், கதவைத் தட்டிவிடலாம். அவள் எழுந்தாள். "எங்க போற சம்மந்தி, உக்காரு. பெரிய டாக்டருங்க இருக்காங்கல்ல" என்று ராணியம்மாள் ஒரு சுளையை அவள் கையில் வைத்தாள்.

உட்கார்ந்தாள்.

கதவு படாரென்று திறந்தது. "ஐஸ்! சோடாக் கடையில எவ்ளோ ஐஸ் இருக்கோ எல்லாத்தையும் கொண்டா!"

கோணிப்பையில் ஐஸ் வந்தது. உமி ஒட்டிய கட்டிகள். வராண்டா நெடுக ஈரக் கோடு. கதவுக்கு அடியில் போய் முடிந்தது.

இன்னொரு கோணி.

சம்மட்டியால் ஐஸ் உடைக்கும் சத்தம்.

இன்னொன்று.

பிறகு சத்தம் இல்லை. கூரை மட்டும். டிக். டிக்.

மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "முடியலம்மா" என்றார். அழுகை ஓய்ந்தபின் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "படிச்சிருக்கேன், பார்த்ததில்ல. தசையில பிறவியிலேயே இருக்கற கோளாறு. சும்மா இருக்கும்போது தெரியாது. இந்த மருந்து பட்டா உடம்பே அடுப்பாயிடும். ரத்தத்துல வர்றது, பெத்தவங்ககிட்டேயிருந்து பாதிப் பிள்ளைங்களுக்கு இறங்கும். இந்தச் சின்னப் பொண்ணுக்கும் இருக்கலாம்." சரசுவின் தங்கை வேதா, அக்காவின் தாவணியை மார்போடு அணைத்து நின்றிருந்தாள். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்க வீட்டுல யாருக்காவது?"

சரசுவுக்கு இனி கல்யாணம் இல்லை. வேதாவுக்கு உண்டு.

"இல்லீங்க" என்றாள் உண்ணாமலை.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு, அடி அண்ணாமலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குளிப்பாட்டின பெண்கள் கையை உதறினார்கள். தண்ணீர் சூடாக ஓடியது.

வாய்க்கரிசி. உண்ணாமலை முதல் பிடியைப் போட்டாள். வழிந்தது. விரலால் தாடையை நெம்பினாள். நகம் பிய்ந்தது. தாடை அசையவில்லை.

"இவ மாமன் சடையனுக்கும் இதே மாதிரிதானே பூட்டிக்கிச்சு" என்றாள் பங்காளி வீட்டுக் கன்னியம்மாள், எல்லோர் காதிலும் விழும்படி.

உண்ணாமலை சட்டென்று ராணியம்மாளைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"தெரியும் சம்மந்தி" என்றாள் ராணியம்மாள், மெதுவாக. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்க ஊர் டீக்கடையில, உன் அண்ணன் மயக்க ஊசியில போனதச் சொல்லிட்டாங்க. அதுக்கென்னன்னு விட்டுட்டோம். டாக்டர் கேட்டப்போ நீயே இல்லன்னுட்ட. நான் எப்படிம்மா நடுவுல பேசறது? உன் மானம் போயிடுமேன்னு இருந்துட்டேன்."

பறை சத்தம் நின்றது போல இருந்தது. நிற்கவில்லை.

பிணத்தின் தலைமாட்டில் வேதா குந்தியிருந்தாள். கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தாள். மலை சுற்றி வந்தால் சரசு பிசைவாளே, அதே மாதிரி.

"அம்மா, கால் கல்லாட்டம் இழுக்குதும்மா. அக்காவுக்கு வருமே, அதே—"

உண்ணாமலையின் கை பாய்ந்தது. அரிசி இருந்த கை. மகளின் வாயை இறுகப் பொத்தியது.

விரலிடுக்கில் பச்சரிசி. வேதாவின் உதட்டில் பச்சரிசி. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.