முதல் அடியில் விழுந்த முடிச்சு

"மறுபடியும் சிக்கு!"

சாரதாம்பாள் டீச்சர் இதைச் சொல்லிவிட்டு, கோயில் மதில் நிழலில் போய் உட்கார்ந்தார். கத்துவதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை. காலையிலிருந்து இது ஐந்தாவது சிக்கு.

நட்டு வைத்த கம்பத்தின் உச்சியிலிருந்து நான்கு சிவப்புக் கயிறுகளும் நான்கு வெள்ளைக் கயிறுகளும் தொங்கின. காஜா பெராங் வட்டாரத்துப் பெண்கள் எட்டுப் பேர், ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து எதிரும் புதிருமாகச் சுற்ற வேண்டும். எதிரே வருபவளின் கயிற்றுக்கு மேலே ஒருமுறை, அடுத்தவளுக்குக் கீழே ஒருமுறை. சரியாக ஆடினால் கம்பத்தில் பின்னல் விழும். அப்படியே திரும்பி ஆடினால் பின்னல் அவிழும். அதுதான் பின்னல் கோலாட்டம்.

இவர்கள் ஆடினால் விழுந்ததோ குருவிக்கூடு!

"நாளைக்கு விழாக் குழுவிலிருந்து ராஜரத்தினம் ஐயா வர்றார்" என்றார் டீச்சர். "அவர் முன்னாடி கயிறு சிக்கினா, முப்பத்தொண்ணாம் தேதி சுதந்திர தினத்தன்னிக்கு நமக்கு ஆட்டம் கிடையாது. கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கணும்."

எட்டுப் பேரில் ஒருத்தியான பூங்காவனம் சிக்கிய கயிறுகளை அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய அம்மா சலவைக் கூடத்தில் கெஞ்சி, அன்றைக்கு ஒருநாள் லீவு வாங்கியிருந்தார். மகள் ஆடுவதைப் பார்க்கத்தான் அந்த லீவு. ஓரமாக நிற்பதைப் பார்க்க அல்ல.

"பெனாட் லா! கால் வலி" என்று களைப்பை மலாயில் சொல்லித் தரையில் சாய்ந்தாள் சந்திரமதி. அவள் செட்டிக் கம்பம் என்ற பழைய தமிழர் குடியிருப்பைச் சேர்ந்த பெண். வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழ் கொஞ்சம்தான் வரும்.

எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். பூங்காவனம் மட்டும் முக்காலியில் ஏறி, சிக்கை அவிழ்க்கத் தொடங்கினாள். தோள் கடுத்தது. கடைசி முடிச்சு உச்சியில் இருந்தது. போன தடவையும் அங்கேதான். அதற்கு முந்தின தடவையும் அங்கேதான்.

'உச்சியில் இருப்பது முதலில் விழுந்த முடிச்சு. அப்படியென்றால் தப்பு முதல் அடியிலேயே நடக்கிறது!'

"எல்லாரும் எந்திரிங்க. ஒரே ஒரு அடிதான்" என்றாள்.

"ஒண்ணும் முடியாது போ" என்று முனகிக்கொண்டே எழுந்தாள் விஜயா.

அரிசிக் கடைக்காரர் மகள் அன்னபூரணிதான் ஆடும்போது அடிகளை எண்ணுபவள். எட்டுப் பேரில் குரல் பெரியது அவளுக்குத்தான்.

"லாபம்!" என்றாள்.

அன்னபூரணியும் இன்னும் இரண்டு கடைவீட்டுப் பெண்களும் கால் எடுத்து வைத்தார்கள். மற்ற ஐந்து பேரும் அசையவில்லை.

"ஏன் நிக்கிறீங்க?" என்றாள் அன்னபூரணி.

"நீ இன்னும் எண்ணவே ஆரம்பிக்கலையே!" என்றாள் விஜயா.

"லாபம்னு சொன்னேன்ல? எங்க கடையில முதல் படி அரிசியை யாரும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணு. அப்படித்தான் அளப்போம்."

"அது ரெடி சொல்றதுன்னு நெனச்சேன்லா! நான் ரெண்டுலதான் கிளம்புவேன்" என்றாள் விஜயா.

"நீ?" என்று சந்திரமதியைக் கேட்டாள் பூங்காவனம்.

"நான் விஜயா காலைப் பார்ப்பேன். அவ போனா நான் போவேன்."

விஜயா இடுப்பில் கை வைத்தாள். "ஆடுறதுக்கு வந்தியா அன்னபூரணி, அரிசி அளக்க வந்தியா?"

அன்னபூரணியின் கண் கலங்கியது. கயிற்றைக் கீழே போட்டாள். "அப்ப நீயே எண்ணிக்கோ."

பூங்காவனம் குனிந்து கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நீ தப்பா எண்ணல. எப்ப கிளம்பணும்னு யாருமே கேட்டுக்கல, நானும் கேட்டுக்கல. பேசாம எண்ணுறதையே விட்டுடலாம். என்ன செய்யணுமோ அதையே கூப்பிடு. மேலேன்னா சிவப்புக் கயிறு மேலே, கீழேன்னா கீழே. வெள்ளைக் கயிறு அதுக்கு நேர் எதிர்."

"ஆத்தாஸ், பாவா?" என்று மலாயில் கேட்டாள் சந்திரமதி, கையை மேலும் கீழும் காட்டி.

"ஆமா, அதையே வச்சுக்கலாம். பசாருக்குக் காய் வாங்கப் போற எல்லாருக்கும் அது தெரியும்."

"லாபம் சொல்லாம ஆரம்பிச்சா எனக்கு நாக்கே வராது" என்றாள் அன்னபூரணி.

"சொல்லு. நீ லாபம்னு சொன்னதும் எல்லாரும் வலது கையில கயித்தைப் பிடிச்சு நிக்கணும். யாரும் அசையக் கூடாது."

பூங்காவனம் சிமெண்டுத் தரையில் ஆட்டத்தின் பன்னிரண்டு அடிகளையும் வரிசையாகச் சாக்குக்கட்டியால் எழுதினாள். பின்னும்போது மேலிருந்து படிக்க வேண்டும். அவிழ்க்கும்போது கீழிருந்து படிக்க வேண்டும். கால்களை இழுத்து இழுத்து நடந்தார்கள். விஜயா கொட்டாவி விட்டுக்கொண்டே ஆடினாள். உச்சியில் முடிச்சு விழவில்லை.

மறுநாள் மாலை ராஜரத்தினம் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து நான்கு ஒத்திகைகளைப் பார்த்து அலுத்திருந்தார். "சீக்கிரம் ஆகட்டும்மா" என்று நாற்காலியில் விழுந்தார்.

"லாபம்!"

எட்டு வலது கைகள் கயிற்றைப் பிடித்தன.

"ஆத்தாஸ்! பாவா! ஆத்தாஸ்!"

நடுவில் சந்திரமதி தடுமாறினாள். விஜயாவின் காலைத் தேடினாள். விஜயா கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள்! அடுத்த கூப்பாடு வந்தது. "பாவா!" சந்திரமதி சட்டென்று குனிந்து சரியாகப் புகுந்தாள்.

கம்பத்தில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இறங்கின. பிறகு அதே கட்டங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. எட்டுக் கயிறுகளும் நேராகத் தொங்கின.

ராஜரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டியலை எடுத்து, 'காஜா பெராங் பெண்கள்' என்று எழுதிக்கொண்டார். "பிரமாதம்! எங்கே, இன்னொரு தடவை ஆடுங்க பார்க்கலாம்!"

மற்ற ஏழு பேரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள்.

"முப்பத்தொண்ணாம் தேதி ஆடுறோம் ஐயா" என்றாள் பூங்காவனம். "இப்ப உக்கார்றோம்."

யாரும் எண்ணவில்லை, யாரும் கூப்பிடவில்லை. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.