குஞ்சு கோத்த தூண்டில்

பேணிக்குள் நின்ற விரால் குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. சரவணமுத்து அதை முதலில் பெரிதாக எடுக்கவில்லை. எட்டு நாளாகக் கண்மூடாத மனிதனுக்கு மரம்கூட நடப்பதுபோலத்தான் தெரியும். பால்மாத் தகரப் பேணியைக் கையிலெடுத்து அரைச்சுற்றுத் திருப்பி வைத்தான். சிவந்த நூல்துண்டுகள் போன்ற அந்தப் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளும் மெதுவாகத் திரும்பிப் பழைய திசைக்கே தலைவைத்து நின்றன. குளம் அவனுக்கு முன்னால் கிடந்தது. குஞ்சுகள் பார்த்ததோ அவனுக்குப் பின்னால், அணைக்கட்டுக்கு அப்பால், அவனுடைய வீடு இருந்த பக்கம்.

அது எழுபத்துமூன்றாம் ஆண்டு ஐப்பசி. முதல் மழைக்குக் கட்டுக்கரைக்குளம் அரைவாசிதான் நிறைந்திருந்தது. பேக்கரிப் பாணுக்கே விடியமுன் வரிசையில் நிற்கவேண்டிய காலம். சிவலட்சுமிக்கு முருங்கன் ஆசுப்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிற்காமல் போய், தாயும் பிள்ளையும் தப்பினதே பெரும்புண்ணியம் என்றார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் அவளால் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. விரால் சூப்பு வைத்துக் கொடு, இரத்தம் தானாக ஊறும் என்றாள் மருத்துவிச்சி. சொல்வது லேசு. வயல்காரனுக்கு விரால் யார் கொண்டுவந்து தருவது?

அதனால் அவனே தூண்டிலை எடுத்தான். முதல்நாள் மண்புழு கோத்தான். விரல்நீளக் கெளுத்திகள் வந்து அரித்துவிட்டுப் போயின. அடுத்தநாள் சின்னத் தவளை ஒன்றைத் தொடைத்தோலில் கோத்துவிட்டான். அது நீந்திக் களைத்துக் காலை நீட்டியதுதான் மிச்சம். பிறகு கெண்டைக் குஞ்சு. செத்த இரையை விரால் திரும்பியும் பார்க்காது. முதுகுச்செட்டைக்குக் கீழே தோலை மட்டும் கிள்ளித் தூண்டில் ஊசியை ஏற்றவேண்டும். நடுமுள்ளில் பட்டால் இரை விறைத்துவிடும். நோகவேண்டும், ஆனால் சாகக்கூடாது. சரவணமுத்துவின் கைக்கு அந்தப் பக்குவம் இருந்தது. பெண்சாதியைப் பாயில் கிடத்திவிட்டு இதில் கெட்டிக்காரனாக இருப்பது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இன்று மத்தியானம்தான் கோரைப்புல் ஓரமாக அந்தச் செக்கச்செவேலென்ற கூட்டத்தைக் கண்டான். நீர் கொதிப்பதுபோல் குஞ்சுகள் மேலே வந்து வந்து அமிழ்ந்தன. குஞ்சு நின்றால் கீழே தாய் நிற்கும், இடம்விட்டு அசையாது. எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்ற பக்கத்து வளவுப் பரமநாதன் அதைக் கண்டுவிட்டார்.

"தம்பி, தடியைத் தூக்கு. குஞ்சோட நிக்கிறதுக்கு இந்தக் குளத்தில ஒருத்தரும் தூண்டில் போடுறதில்லை."

"லட்சுமி எழும்ப மாட்டாமக் கிடக்கிறாள், அண்ணை."

"தெரியும். எண்டாலும் போடாதை. உன்ர வீட்டிலயும் பிள்ளை பெத்தவள் கிடக்கிறாள்."

அவர் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு போகும்வரை சரவணமுத்து பொறுத்திருந்தான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் குஞ்சுகளை அள்ளிப் பேணிக்குள் விட்டு, ஒன்றை எடுத்து முதுகில் கோத்து, வந்த இடத்திலேயே இறக்கினான். குஞ்சு வட்டமிட்டது. அடியிலிருந்து ஏதோ கனமாக மேலே எழும்பி, நீர்ப்பரப்பை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு, இரையைத் தொடாமலே தாழ்ந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. வெயில் சாய்ந்தது. அவன் இருந்தபடியே தூங்கி விழுந்து விழுந்து விழித்தான். தங்கூசி நூலை இழுத்துப் பார்த்தபோதெல்லாம் குஞ்சு உயிரோடுதான் இருந்தது. எந்தக் குஞ்சும் ஊசியில் அரைமணித்தியாலம் தாங்காது. இது மூன்று மணித்தியாலமாக, களைக்காமல், ஒரே அளவு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தவளைச்சத்தம் எப்போது நின்றதென்று அவனுக்குத் தெரியவில்லை. காற்று வீட்டுப் பக்கமிருந்து வந்தது; அடுப்புப் புகையும் சாணமும் மணக்கவேண்டிய அந்தக் காற்றில் குளத்தின் அடிச்சேறு மணத்தது.

அவனுக்குப் பயம் வந்தது. தடியை அப்படியே போட்டுவிட்டு அணைக்கட்டில் ஏறினான்.

வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. சாணமிட்டு மெழுகிய நிலம் ஈரமாகிக் காலடிகள் பதிந்திருந்தன. வெறுங்கால். ஆம்பிளைக்கால். உள்ளே போன தடமும் திரும்பி வந்த தடமும். பிள்ளை கிடந்த ஏணைச்சேலை கனமில்லாமல் தொங்கியது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"லட்சுமி! பிள்ளை எங்க?"

பாயில் கிடந்த சிவலட்சுமி கண்ணைப் பாதி திறந்தாள். "இதென்ன கேள்வி? நீங்கள்தானே தூக்கிக்கொண்டு போனியள்."

"எப்ப?"

"இப்பத்தான். சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நிண்டியள். கேட்டதுக்கு ஒண்டும் கதைக்கேல்லை." அவள் மூச்சு வாங்கினாள். "உங்கட கை கூதலாக் கிடந்தது. காய்ச்சல் வரப்போகுதெண்டு நினைச்சனான்."

அவனுடைய சாரம் எப்போதோ காய்ந்துவிட்டது.

அப்போது குளத்துப் பக்கமிருந்து பிள்ளை அழுதது. சிவலட்சுமி கையை ஊன்றினாள்.

"நீ எழும்பாதை! நான் கொண்டு வாறன்."

ஓடினான். மேற்கே வானம் சிவந்திருந்தது, குளமும் சிவந்திருந்தது. கோரைப்புல்லுக்கு முன்னால் பிள்ளையின் தலை நீருக்குமேல் தெரிந்தது. எட்டு நாள் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. இது நிமிர்ந்து நின்றது. வீறிட்டு அழுதபடி வட்டமாகச் சுற்றியது. ஒரே அளவு வட்டம். திரும்பும்போது முதுகு தெரிந்தது. தோளுக்குக் கீழே தோல் ஒரு கிள்ளு மேலே எழும்பி நின்றது. அதைப் பிடித்திருந்த எதுவும் தெரியவில்லை.

சரவணமுத்துவுக்கு விளங்கிவிட்டது. இரை யாருக்கென்றும் விளங்கியது. ஆனாலும் கால் நிற்கவில்லை. எந்தத் தகப்பனுக்குத்தான் நிற்கும்?

முழங்கால். இடுப்பு. நெஞ்சு.

பிள்ளையைப் பிடித்தான். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. நெஞ்சோடு அணைத்ததும் அழுகை நின்றது. "ஒண்டுமில்லையம்மா," என்றான். "ஒண்டுமில்லை."

அவனுடைய முதுகில் ஏதோ தொட்டது.

தோளுக்குக் கீழே. முள்ளந்தண்டில் படாமல். தோலை மட்டும் கிள்ளி, மெதுவாக, பக்குவமாக.

அவன் அலறினான். கரைக்குத் திரும்பப் பார்த்தான். கால்கள் கரைக்குப் போகவில்லை. பக்கவாட்டில் நடந்தன, வட்டமாக. பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒருமுறை சுற்றினான். மறுமுறை சுற்றும்போது அணைக்கட்டின்மேல் சிவலட்சுமி நின்றாள்.

"இஞ்சாருங்கோ!"

"வராதை! லட்சுமி, வராதை!"

நோவில் அது சொல்லாக வெளியே வரவில்லை. வெறும் கதறலாக வந்தது. அவன் கதறக் கதற, எட்டு நாளாகப் பாயைவிட்டு எழும்ப முடியாமல் கிடந்தவள், அணைக்கட்டால் குடுகுடுவென்று இறங்கி, சேலையைக்கூடத் தூக்காமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தாள்.