இமைக்கு அடியில்

பள்ளத்தூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் காரைக்குடியில் வாங்கிய சீயப் பலகாரப் பொட்டலம், மனசு நிறைய மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்த அந்தப் பழைய வீடு எனக்குப் புதிதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் 'சோலையாயி' தொடரை அங்கேதான் எடுத்தோம்.

அதை எழுதியவன் நான். பெயர் சகாய ஆண்டனி. வெட்டுப்பட்டுச் செத்த ஒரு பெண் பேயாக வந்து பழிவாங்குகிற கதை. சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள். எத்தனை பேரைக் கொன்றாலும் சோலையாயி கண்ணைத் திறக்க மாட்டாள். மூடிய கண்ணோடுதான் நடப்பாள், மூடிய கண்ணோடுதான் வெட்டுவாள். கதை முடிவதற்குள் சேனல்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் யாராவது என்னை ஓரமாகக் கூட்டிப்போய், அவள் எப்போது சார் கண்ணைத் திறப்பாள் என்று கேட்காமல் விட்டதில்லை.

என் மகள் ஜெரினா படம் வரைகிறவள். அவளும் அவளோடு வேலை பார்க்கும் நாராயணும் மிச்சக் கதையை அனிமேஷன் காமிக்ஸாகக் கொண்டுவரக் கிளம்பினார்கள். படக்கதைதான், ஆனால் படம் அசையும், பேசும், செல்போனில் பார்க்கலாம். ஜெரினா வரைவாள், நாராயண் அசைய வைப்பான். வீட்டைப் பார்த்து வரையவும் அதன் சத்தங்களைப் பதிவு செய்யவும் பத்து நாள் அங்கேயே தங்குவதாகப் போயிருந்தார்கள். நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அவள் கண்ணைத் திறக்கக் கூடாது. ஏன் என்று ஜெரினா கேட்டாள். எழுதுகிறவனுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று சிரித்து மழுப்பினேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜெரினாவின் ஒன்பதாவது வயதில் அவள் அம்மா இன்பமேரி இறந்துபோனாள். எனக்கு மகளை விட்டால் நாதி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது உங்களுக்கு நினைவு இருக்கட்டும்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. வௌவால் எச்சத்தின் நாற்றம். பூட்டிய அறைகளின் புழுக்கம். அதற்கும் அடியில் இன்னொரு வாடை, காலையில் கறிக்கடைப் பக்கம் போனால் வருமே, அது. எலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெரினா வந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஆறு நாளா ஒரே உறுத்தல்ப்பா. கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருக்கேன்ல, அதான். நீங்க உள்ள போய் நாராயண் காட்டுறதப் பாருங்க, காபி கொண்டாரேன்" என்று சமையல்கட்டுக்குப் போனாள்.

நாராயண் உள்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று தொங்கியது, அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது. நான் மேசைக்குப் பக்கவாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கழுத்தை வளைத்துப் பார்த்தேன். முதல் எபிசோடு ஓடியது. சோலையாயி வளவில், தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், நடந்து வந்தாள். தூண் ஒவ்வொன்றாக அவளுக்குப் பின்னால் இருட்டில் மறைந்தது. பிள்ளைகள் பெரிய வேலைதான் செய்திருக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

மூடிய இமைக்கு அடியில் என்னவோ உருண்டது.

இடமிருந்து வலமாக. மெதுவாக. தூங்குகிறவரின் கண்ணில் உருளுமே, அப்படி.

அது என்னடா என்று கேட்டேன். நாராயணுக்கு வாயெல்லாம் பல்.

"அதுதான் சார் வேலையே. மூடுன கண்ண மட்டும் வரைஞ்சா ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்கும். அடியில ஒரு லேயர்ல முழிச்ச கண்ண வரைஞ்சுட்டு, மேல இமைய மூடணும். அப்பத்தான் உசுரு வரும்."

கண்ணை யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்றேன். அவன் தலையால் பின்பக்கத்துக் கண்ணாடியைக் காட்டினான். வந்த முதல் நாளே ஜெரினா அதன் எதிரே உட்கார்ந்து, தன் கண்ணைத் தானே பார்த்து வரைந்தாளாம்.

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் மண்ணால் உருவம் செய்து கோயிலுக்குக் கொடுப்பார்கள். கடைசி வேலை கண் திறப்பது. அதுவரைக்கும் அது வெறும் மண். கண் திறக்கும்போது எதிரே மனுஷர் யாரும் நிற்க மாட்டார்கள். சேவலை அறுத்துக் காட்டிய பிறகுதான் முன்னால் வருவார்கள். சோலையாயியின் முகம் என் கற்பனை இல்லை. கண் திறக்காமலே போட்டுவைத்திருந்த ஒரு மண் உருவத்தைப் பார்த்து நான் திருடியது. அந்த முகத்துக்கு ஆறு நாளைக்கு முன்பே என் மகள் கண் திறந்துவிட்டாள். எதிரே அவளேதான் இருந்திருக்கிறாள்.

இதை எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறியதை நாராயண் ஆசை என்று எடுத்துக்கொண்டான். இமையை எடுத்துவிட்டுக் காட்டுகிறேன், மிரண்டு போவீர்கள் என்றான். வேண்டாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் அழுத்திவிட்டான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"சார்," என்றான் ரகசியம் போல, "இது ஜெரினா கண்ணு இல்ல."

பின்னால் ஆணி கிறீச்சிட்டது.

கண்ணாடி கீழே விழவில்லை. முன்னால் வந்தது.

அவன் எழுந்திருக்கக்கூட நேரம் இல்லை. முதல் துண்டு தோளில் இறங்கியது. இரண்டாவது, தடுக்கத் தூக்கிய கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது. முதுகில் இரண்டு, விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று. கடைசித் துண்டு கழுத்தில் பக்கவாட்டாக நுழைந்து மறுபக்கம் வந்து நின்றது. ரத்தம் சுவரில் என் தலை உயரத்துக்கு அடித்தது. அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. பூப்போட்ட தரைக்கல்லில் குதிகால் இரண்டும் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டே இருந்தன. நான் நாற்காலியைத் தூக்கிக் கம்ப்யூட்டரை அடித்து நொறுக்கினேன்.

சமையல்கட்டில் டம்ளர் விழுந்து உருண்டது.

ஜெரினா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் மூடியிருந்தன.

"அப்பா, கண்ணத் தொறக்க முடியலப்பா."

அவள் இமைக்கு அடியில் என்னவோ உருண்டது. இடமிருந்து வலமாக. மெதுவாக.

பழைய வீடு, பழைய ஆணி, கண்ணாடி விழுந்து பையன் செத்தான் என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். ஜெரினாவை மதுரை வரைக்கும் கொண்டுபோனேன். கண்ணிலும் கோளாறு இல்லை, நரம்பிலும் இல்லை, அதிர்ச்சி என்றார் டாக்டர். நாலாம் நாள் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். ஆறாம் நாள் தூக்கி உட்கார வைத்தபோது அவள் மேலிலிருந்து சூளையில் சுட்ட மண்ணின் வாசம் வந்தது. விரல் நுனிகள் கெட்டிப்பட்டிருந்தன. நகத்தால் தட்டினால் சட்டி மாதிரி கேட்டது. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், அழுதேன். பிறகு எழுந்து இளையாத்தங்குடிப் பக்கம் போனேன்.

மண் உருவம் செய்கிற குழந்தைவேலு அங்கேதான் இருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கொட்டகையில்தான் அந்த முகத்தைப் பார்த்தேன். அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போன கதையை இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன். கண்டரமாணிக்கத்துப் பெண், பெயர் ஆயி. அந்தப் பெயரிலும் பாதியைத் திருடித்தான் சோலையாயி என்று வைத்திருந்தேன். பிடித்தவனோடு பஸ் ஏறக் கிளம்பியவளை அண்ணன் உடையப்பன் வயலில் வைத்து ஏழு வெட்டு வெட்டினான். கால் தவறிக் கிணற்றில் விழுந்தாள் என்று ஊரைச் சொல்ல வைத்தான். அப்புறம் வீட்டில் தொட்டதெல்லாம் விளங்காமல் போகவே, அவளைச் சாந்தி பண்ண உருவம் செய்யச் சொன்னார்கள்.

"இவளுக்குச் சேவலெல்லாம் காணாதுன்னு சொல்லிப்புட்டேன். கண்ணு தொறக்கயில அண்ணங்காரரு வந்து எதுக்க நிக்கணும்னேன். அவரு வரல. அதான் தொறக்காமப் போட்டு வச்சேன்," என்றார் குழந்தைவேலு. "ஒங்க மகள விடணும்னா இப்பவும் அவருதான் நிக்கணும்."

ஒரு மனுஷனைச் சாகக் கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்தேதான் மறுநாள் சிநேகிதனின் காரை வாங்கினேன். கொலைகாரன்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உடையப்பன் இப்போது அறுபது தாண்டிய பெரிய மனுஷர். மகன் துபாயில். மருமகள் ரேணுகா டீச்சர், பகலில் பள்ளிக்கூடம் போய்விடுவாள், வீட்டில் கிழவர் மட்டும்தான் என்று விசாரித்து வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஜெரினாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் அந்த வாசலில் நிறுத்தினேன். அழைப்பு மணியை அழுத்திவிட்டு நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

ஜெரினாவின் இமை துடித்தது. மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

உள்ளே காலடிச் சத்தம். கொலுசு சத்தமும் கேட்டது.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

ஒரே ஒரு எட்டு. நான் குறுக்கே வந்திருந்தால் போதும். முகத்தைத் திருடியவன் நான், என்னைப் பார்க்கட்டும் என்று நின்றிருக்கலாம். கதவு திறந்துகொண்டிருந்தது. ஜெரினாவின் கண்ணும் திறந்துகொண்டிருந்தது.

நான் நகரவில்லை.

ரேணுகா ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியே, "யாரு வேணும்? உள்ள வாங்க," என்றாள். பிறகு ஜெரினாவின் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. பின்னாலேயே நடந்தாள், ஒவ்வொரு எட்டாக, யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. முற்றத்து ஓரத்தில் அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனை நிமிர்ந்து நின்றது.

அதன் மேல் விழுந்தாள்.

எழுந்தாள்.

எழவில்லை, எழுப்பப்பட்டாள். மறுபடி விழுந்தாள்.

நான் எண்ணினேன். ஏழு. எலும்பில் இரும்பு படும் சத்தம் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஈரச் சத்தம் மட்டும்தான்.

உள் அறையிலிருந்து உடையப்பன் ஓடிவந்தார். மருமகளின் உடம்பில் எங்கெங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று பார்த்ததுமே அவர் தோள் துண்டை உருவி அவளை மூடப் பார்த்தார். அந்த இடங்கள் அவருக்குத் தெரியும். நான் சட்டென்று ஜெரினாவின் பக்கம் திரும்பினேன்.

கண் மறுபடி மூடியிருந்தது.

கால் வழுக்கி அரிவாள்மனையில் விழுந்தாள் என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். மேற்கொண்டு ஒரு கேள்வி வராமல் பார்த்துக்கொண்டார். பழக்கப்பட்ட வேலைதான். எங்களை யார் என்றுகூடக் கேட்கவில்லை. ஷூட்டிங்குக்கு வீடு பார்க்க வந்தோம் என்று நான் தயாராக வைத்திருந்த பொய் வாயிலேயே இருந்தது.

வெட்கமாக இருக்கிறது. ரேணுகா என்னை உள்ளே வாங்க என்றாள். அந்த முகத்தை நினைக்காமல் என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஜெரினா ஒரு வாய் சாப்பிட்டாள். மறுநாள் இரண்டு. விரல் நுனிகள் கொஞ்சம் இளகியிருந்தன. அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்று ரேணுகாவுக்குப் பதினாறாம் நாள். கண்டரமாணிக்கத்தில் அந்த வீடு நிறைய சனம் இருக்கும். துபாயிலிருந்து மகன் வந்திருப்பான். சித்தப்பன் பெரியப்பன் மக்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜெரினாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரேணுகாவின் பெயரைக்கூட அவளுக்குச் சொன்னதில்லை.

காலையில் கண் விழித்துப் பார்த்தால் கட்டிலில் அவளைக் காணோம்.

குளித்து, தலை சீவி, தன் அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கண் மூடித்தான் இருந்தது. முகம் மட்டும் கண்டரமாணிக்கம் போகிற ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"கெளம்புவமாப்பா?" என்றாள்.

அங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்று யோசித்தேன். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் இன்னும் மண்ணாகத்தான் இருந்தது.

கார்ச் சாவியை எடுத்தேன்.