பாதாளக் கோட்டையில் இன்னொரு குரல்

விளையாட்டில் மாயாண்டியின் ஆள் செத்த பிறகும் மாயாண்டி பேச்சை நிறுத்தவில்லை.

"செத்தாச்சு லா. டைஸ நீயேதான உருட்டுன?" என்றான் திருநாவுக்கரசு. "அடுத்த வாரம் புது ஆள் எடுத்துக்க."

"இல்லண்ணே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். செவரு ஈரமா இருக்கு. கை வழுக்குது."

சன்னாசி சிரித்தான். நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அது எண்பத்தாறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். லிங்கி ஆற்றை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில், மூடிப்போட்ட பழைய ஆயாக்கொட்டகையில்தான் அவர்கள் விளையாடுவார்கள். தாய்மார் பால்மரம் வெட்டப் போகும் காலையில் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன இடம் அது. தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கின. தகரக் கூரையில் மழை விழும்போது அவை மெல்ல ஆடும். சிமெண்டுத் தரையிலிருந்து எப்போதோ சிந்திய பால்மாவின் புளித்த வாடையும், வெளியே குவித்திருந்த, மரத்தில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பாலின் நாற்றமும் கலந்து எழும். எந்த ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அந்த வாடை போகாது.

சுங்கை காடுட்டில் ஒரு மின்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்த திருநாவுக்கரசு, அங்கே ஒரு சீன நண்பனிடம் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு இது. காய் கிடையாது, பலகை கிடையாது. ஒருவன் கதை நடத்த வேண்டும். இருட்டு எப்படி இருக்கிறது, கதவு எங்கே இருக்கிறது, எதிரே என்ன நிற்கிறது என்று அவன் வாயால் சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துவதில் திருநாவுக்கரசுக்கு ஒரு வரம் இருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினால் கேட்பவர்கள் கையைக் காலை மடக்கிக்கொள்வார்கள். மாதக்கணக்காக உட்கார்ந்து, அடுக்கின் கீழ் அடுக்காக ஒரு பாதாளக் கோட்டையை அவன் வரைந்து வைத்திருந்தான். தோட்டத்து ஆபிசில் தட்டச்சு செய்யும் நீலாவதி அதில் வில்லாளி. லாரியில் மூட்டை ஏற்றும் சன்னாசி வாள்வீரன். பால் டாங்கி இழுக்கும் டிராக்டரை ஓட்டுகிற மாயாண்டி, எல்லாருக்கும் முன்னால் நடந்து பொறி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற திருடன்.

அன்று அடிக்கூடத்தில் எதுவோ இழுபட்டு வரும் சத்தத்தைத் திருநாவுக்கரசு வாயால் எழுப்பினான். அது என்ன என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. நீலாவதியும் சன்னாசியும் பயந்து கல் கதவை இறக்கிவிட்டார்கள். மாயாண்டியின் ஆள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். பகடை விழுந்தது. கதை முடிந்தது.

"இங்க படி இருக்குண்ணே," என்றான் மாயாண்டி. பார்வை யார் மேலும் இல்லை. "கீழ போவுது."

திருநாவுக்கரசு மடியிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான். கல் கதவுக்கு அப்பால் அவன் எதையும் வரையவில்லை. அங்கே வெறும் வெள்ளைத் தாள்.

அடுத்த சனிக்கிழமை, மாயாண்டியின் தாயார் மயிலம்மாள் திருநாவுக்கரசின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பால்மரக் காட்டுக்குக் கட்டிப் போன தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"தம்பி அரசு, எம்புள்ள வாரம் பூரா வேலைக்குப் போகல. பட்டப்பகல்ல வெளக்க ஏத்து, வெளக்க ஏத்துங்கறான். டவுன் டாக்டரு காய்ச்சல் இல்லேன்னுட்டாரு. என்னமோ வெளையாட்டாமே, நீதான சொல்லிக் குடுத்த?"

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு அவளோடு போனான். மாயாண்டி நடுவீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வைத்த சோறு காய்ந்து கிடந்தது. வெயில் ஜன்னல் வழியாக நேரே அவன் முகத்தில் விழுந்தும் அவன் கண்பாவைகள் இருட்டில் இருப்பவனுடையவைபோல் அகலமாக விரிந்திருந்தன.

"மாயாண்டி. டேய். வெளையாட்டு முடிஞ்சிருச்சு டா. நீ வெளிய வந்துட்ட. இது உன் வீடு."

மாயாண்டி தலையைச் சாய்த்துக் கேட்டான். "இப்பத்தான கீழ இறங்கச் சொன்னீங்க?"

"நான் சொல்லல."

"உங்க குரல்தாண்ணே. கீழேருந்து பேசுறீங்க. ஒவ்வொரு படியா சொல்லிக் கூட்டிட்டுப் போறீங்க." அவன் நெற்றி சுருங்கியது. "இப்ப ரெண்டு எடத்துலேருந்து பேசுறீங்க. எதைக் கேக்குறது?"

மயிலம்மாள் திருநாவுக்கரசின் கையைப் பிடித்தாள். மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன உள்ளங்கை அவளுக்கு. "எனக்கு இவன் ஒருத்தன்தான் தம்பி," என்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆயாக்கொட்டகையில் கூடினார்கள். மயிலம்மாள் மகனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, மூலையில் பாயில் உட்கார வைத்துவிட்டு, வெளியே வாசற்படியில் காத்திருந்தாள்.

"பேய் ஓட்டுற வேலை நமக்கு வேணாம் லா," என்றான் சன்னாசி. "சிரம்பான்ல பெரிய டாக்டருங்க இருக்காங்க."

"கதவ இறக்குனது நாம," என்றாள் நீலாவதி. "நாமதான் தூக்கணும். ஆரம்பிங்கண்ணே."

திருநாவுக்கரசு கதையை எடுத்தான். கோட்டை வாசலிலிருந்து தொடங்கினான். பாசி பிடித்த கல், எண்ணெய்த் தீவட்டியின் புகை, வௌவால் எச்சத்தின் நெடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஏற்கெனவே நடந்த வழியிலேயே அடுக்கடுக்காக அவர்களைக் கீழே இறக்கினான். மழை பிடித்துக்கொண்டது. கூரை அதிர்ந்தது. அவன் குரலை உயர்த்தினான். நீலாவதி உருட்டினாள், சன்னாசி உருட்டினான், எண்கள் நல்லபடியாகவே விழுந்தன. அடிக்கூடத்துக்கு வந்தார்கள். கல் கதவு எதிரே நின்றது.

"ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குறோம்," என்றாள் நீலாவதி.

பகடை உருண்டு நின்றது. கதவு எழும்பியது.

இனி வரைபடம் இல்லை. திருநாவுக்கரசு உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "அந்தப் பக்கம்..."

"படி," என்றான் மூலையிலிருந்து மாயாண்டி.

"படி இருக்கு," என்றான் திருநாவுக்கரசு. வேறு என்ன சொல்ல? "ஈரமான படி. ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் போக முடியும். தீவட்டி வெளிச்சம் குறுகுது. தண்ணி சொட்டுற சத்தம்."

சொட்டியது. கூரையிலிருந்து அல்ல. சிமெண்டுத் தரைக்கு அடியிலிருந்து. சொட்டு. சற்றுப் பொறுத்து, இன்னொரு சொட்டு.

அவன் தொடர்ந்து சொன்னான். நிறுத்தினால் மாயாண்டி அங்கேயே நின்றுவிடுவான் என்று தோன்றியது. வளைவு ஒன்றைச் சொன்னான். தாழ்ந்த கூரையைச் சொன்னான். அப்போதுதான் கவனித்தான். நீலாவதியும் சன்னாசியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையாட்டினார்கள்.

அவன் வாயை மூடினான்.

குரல் நிற்கவில்லை.

கீழேயிருந்து வந்தது. அவனுடைய குரல். அவனுடைய நிதானம். வாக்கியத்தின் கடைசியில் அவன் குரலைத் தாழ்த்துவானே, அதே தாழ்வு. "இன்னும் கொஞ்சம்தான்," என்றது அது. "பயப்படாம எறங்குங்க."

"சரிண்ணே," என்றாள் நீலாவதி. தரையிடம்.

"மேல வாங்க!" திருநாவுக்கரசு கத்தினான். "அவன் பேச்சக் கேக்காதீங்க! மாயாண்டி, என் கையப் புடி! நானே எறங்கி வந்துட்டேன், என் கையப் புடிடா!"

இதுவரை அவன் விளையாட்டுக்குள் இறங்கியதே இல்லை. கதை நடத்துபவன் இறங்கக் கூடாது. அவன் இறங்கினான். மூலைக்கு ஓடி மாயாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். வளைவைத் திருப்பிச் சொன்னான், படிகளைத் திருப்பிச் சொன்னான், கதவை, அடிக்கூடத்தை, அடுக்கடுக்காக எல்லாவற்றையும் தலைகீழாக, மூச்சு முட்ட, தொண்டை கிழியச் சொன்னான். "வாசல். வெளிச்சம். வந்துட்ட. மாயாண்டி, வெளிய வந்துட்ட!"

மாயாண்டியின் கண்பாவைகள் சுருங்கின. வெளிச்சம் கூசிக் கையால் மறைத்தான். சுற்றிலும் பார்த்தான். "பசிக்குதுண்ணே," என்றான். பிறகு சின்னப் பிள்ளைபோல் முகம் கோணி, "அம்மா," என்றான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். மழையில் மயிலம்மாளின் அழுகை கேட்டது. மகனைக் கட்டிக்கொண்டு அழுகிற அழுகை.

திருநாவுக்கரசு சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். அவனுக்கும் அழுகை வந்தது. "நீலா," என்று கூப்பிட்டான். "முடிஞ்சிருச்சு. எழுந்திரு."

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றான். காற்று மட்டும்.

நீலாவதி குனிந்த தலை நிமிரவில்லை. சன்னாசியும். இரண்டு பேர் வாயும் மூடியிருந்தது. ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தரைக்கடியில். தூரத்தில். சன்னாசி எதையோ கேட்டான். திருநாவுக்கரசின் குரல் அவனுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னது.

அவன் எழ நினைத்தான். கால் கேட்கவில்லை.

வாடை மாறியிருந்தது. பால்மா இல்லை. ஒட்டுப்பால் இல்லை. ஈரக் கல். மழைச்சத்தம் தேய்ந்தது. உத்தரத்துக் கொக்கிகள் மேலே போயின. இன்னும் மேலே. கூரை எங்கே?

யாரோ வந்தார்கள். மாயாண்டி. கையில் மண்ணெண்ணெய் விளக்கு. பின்னால் மயிலம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. மாயாண்டி குனிந்தான். நீலாவதியின் முகத்தில் விளக்கைப் பிடித்தான். சன்னாசியின் முகத்தில். கடைசியாகத் திருநாவுக்கரசின் முகத்துக்கு நேரே. சூடு படும் தூரம்.

சூடு படவில்லை.

"அண்ணே!" மாயாண்டி தோளைப் பிடித்து உலுக்கினான். "அண்ணே, எங்க இருக்கீங்க?"

வெகு உயரத்தில், கிணற்று வாயிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல், உள்ளங்கை அளவில் அந்த முகம். பக்கத்தில் மினுக்கும் ஒரு பொட்டு வெளிச்சம். அது சிறுத்துக்கொண்டே போனது.

அவன் காதோரத்தில், மூச்சுக் காற்று படும் நெருக்கத்தில், அவனுடைய குரலே கனிவாகப் பேசியது.

"அடுத்த படி, அரசு."