எஞ்சியவை: பத்து

எட்டு மாதமாக, செடிகளைக் காயவைக்கும் அழுத்துபலகைக்குள் கிடந்த செடி ஈரமாக இருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாள் நொதநொதவென்று கையோடு வந்தது. மழையில்லை, கூரை ஒழுகவில்லை, பக்கத்துக் கட்டுகளெல்லாம் தொட்டால் நொறுங்கும்படி காய்ந்துதான் கிடந்தன. மோந்து பார்த்தாள். அப்போதுதான் தோண்டிய மண்ணின் வாடை.

எந்தச் செடி உலகத்தில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் படிவம் எழுதுவதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் பிழைப்பு. இந்தச் செடியை ஒரு பாறைச் சரிவில் பதினொன்று பார்த்தாள். சாண் உயரம், சாம்பல் இலை. வேறெங்கும் கிடையாது. மாதிரிக்காக ஒன்றை வேரோடு பிடுங்கினாள். மறுமாதம் போனபோது மீதிப் பத்தும் கருகி நின்றன. மண்ணைக் கிளறிய பிறகுதான் புரிந்தது: அவள் எண்ணியது செடிகளை அல்ல, தண்டுகளை. அடியில் ஒரே வேர். அன்றைக்கு அழுகைகூட வரவில்லை. மனசு மரத்துப்போனது, இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

மேலாளர் கதவருகே தலையை நீட்டினார். "என்னம்மா, படிவம் முடிஞ்சுதா? அஞ்சு மணிக்குள்ள போகணும்."

"முடிஞ்சுது சார்."

'எஞ்சியவை' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பூஜ்யம் போட்டால் யார் பிடுங்கியது என்று கேட்பார்கள், வேலைக்கே உலை. பத்து என்று போட்டு அனுப்பினாள்.

உடனே போன் அடித்தது. ஏழு வயது மகள்.

"அம்மா, கால் மரத்துப்போச்சு."

"மடக்கி உக்காந்திருப்ப. உதறு."

"உதற முடியலம்மா. அப்பாவுக்கும் மரத்துப்போச்சாம். இப்ப பேசவே மாட்டேங்கிறாரு."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தன் இடது செருப்பு கழன்று போனதை எதிரில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பாதத்தில் உணர்ச்சியே இல்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. டிவி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, துவைத்து முடித்த வாஷிங் மெஷின் பின்னறையில் விட்டு விட்டுக் கீச்சிட்டது, திரைச்சீலையிலும் சோபா உறையிலும் அதே மண் வாடை ஏறியிருந்தது. சோபாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கணவனின் கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. மூச்சு இருந்தது.

குனிந்து பார்த்தாள்.

அவன் குதிகாலிலிருந்து வெள்ளையாக ஒன்று. டைல்ஸ் இடுக்கு வழியாக. மகளின் குதிகாலுக்கு. அங்கிருந்து சுவரடிக்கு. அங்கிருந்து அவள் வெறுங்காலுக்கு.

மூன்று தண்டு. ஒரே வேர்.

அனுப்பியது பத்து. இன்னும் ஏழு வேண்டும்.

சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வாயேன். என் கால் மரத்துப்போச்சு."

அப்போதுதான் பயம் வந்தது. எட்டு மாதப் பயமும் மொத்தமாக வந்தது.

"அம்மா." மகள் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "தூக்கும்மா."

கைகள் தானாக நீண்டு பிள்ளையின் அக்குளைப் பற்றின. லேசான உடம்பு. இழுத்தால் வந்துவிடும். ஒன்று வந்தால் மற்றவை என்னாகும் என்று அவளுக்குத் தெரியும்.

"தூக்கும்மா. சீக்கிரம்."

மகளின் காதோரம், முடிக்கு அடியில், சாம்பல் நிறத்தில் ஓர் இலை விரிந்தது. பிடித்த பிடியிலேயே அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டிருந்தன.