இல்லாத சொல்லின் வழக்கு

அன்று காலை என் ஜன்னலுக்கு முதலில் வந்தவர் ஒரு வழுக்கைத் தலைக்காரர். பெயர் ஆளவந்தார், வயது நாற்பத்தெட்டு. கேட்காமலே தலையைக் குனிந்து காட்டினார். படிவத்தில் ‘இழப்பு’ என்று குறித்து முத்திரை வைத்தேன். அடுத்த மாதம் அரசு மருத்துவமனையில் முடி முளைக்க வைத்து அனுப்பிவிடுவார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் இல்லை, அரசு தர வேண்டும் என்றார். ‘அல்லாமை’ என்று குறித்தேன். மனிதருக்கு முகம் தொங்கிப் போயிற்று.

“அந்தாளுக்கு முடி இல்ல, எனக்கு எடம் இல்ல. ரெண்டும் இல்லைதானே மேடம்?”

“கல்லுக்கும்தான் முடி இல்ல சார். கல்லைப் பாத்து வழுக்கைன்னு யாராவது சொல்வாங்களா?”

பதினான்கு வருடமாக இதே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் முறைப்பார்கள், பிறகு கொஞ்ச நேரம் யோசிப்பார்கள், பிறகு மறுபடியும் முறைப்பார்கள். இன்மைப் பிரிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நல்ல பெயர் கிடைக்காது.

பெரும் வறட்சிக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. இல்லை என்று வந்து நிற்கிற எல்லோருக்கும் கொடுக்க எந்த அரசாலும் ஆகாது. ஆனால் இருக்க வேண்டியது இல்லாமல் போனவர்களுக்குத் திருப்பித் தரலாம் என்று சட்டம் செய்தார்கள். அன்றிலிருந்து நாட்டில் உள்ள இல்லைகளையெல்லாம் இரண்டாகப் பிரிக்கிறோம். இலை உதிர்ந்து காய்ந்த மரத்தைப் பட்ட மரம் என்கிறோம். மின்கம்பத்திலும் இலை இல்லை, அதைப் பட்ட கம்பம் என்பதில்லை. பட்டது, பாழ், வழுக்கை போன்றவை இழப்புச் சொற்கள். ஒரு பொருளுக்கு இயல்பாக உரியது, இருக்க வேண்டிய காலத்தில் இல்லை என்று அவை சொல்கின்றன. அல்லாமைச் சொல்லுக்கு அந்தக் கவலை கிடையாது. மேசை யானை அல்ல என்றால் மேசைக்கு ஒரு குறையும் இல்லை.

முடி, பல், தென்னை போன்ற சின்ன வழக்குகளை என்னைப் போன்றவர்கள் பிரிப்போம். ஊர் அளவிலான வழக்குகள் சொல்லாயத்துக்குப் போகும். அது மாவட்டத் தலைநகரில் இருக்கும் தீர்ப்பு இயந்திரம். சிபாரிசுக்கு மசியாது. அழுதாலும் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்த வாரம் அதனிடம் போயிருந்த வழக்கு நான் வாழ்க்கைப்பட்ட ஊருடையது.

வெள்ளித்திட்டு நகரில் தொள்ளாயிரம் வீடுகள். ஆழ்துளைக் கிணறுகள் முதலில் உப்பாகி, பிறகு காற்றை மட்டும் கக்கி, மூன்று வருடத்தில் நின்றுபோயின. ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி நீர்வலையின் குழாய் போகிறது. கடல்நீரை நன்னீராக்கி, வடக்கே பெருகும் வெள்ளத்தையும் சேர்த்து நாடு முழுக்கக் கொண்டு செல்லும் குழாய். உள்ளே ஒரு ரயில் பெட்டியே போகலாம். ‘எங்கள் நகரில் நீர் இல்லை’ என்று மனுப் போட்டோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘அல்லாமை. குடியிருப்பு நிலத்துக்கு நீர் இயல்பாக உரியதன்று.’

அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திங்கட்கிழமை வண்டிகள் வரும். தொள்ளாயிரம் குடும்பங்களை ஏழு ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். எங்களுக்கு விழுந்தது வடக்கே ஓர் ஊர். பக்கத்து வீட்டு ஹபீபாவுக்கு விழுந்தது தெற்குக் கோடி. பத்தொன்பது வருடமாக நானும் அவளும் சமையலறைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். சீட்டைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். நான்தான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மேல்முறையீடு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. குடியிருக்கும் ஊரின் வழக்கை நான் பிரிக்கக் கூடாது, ஆனால் ஊருக்காகப் பேசலாம். பேசு என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் நகர் ஓர் ஏரிக்குள் இருக்கிறது.

இதை எழுதும்போது இன்னமும் கை கூசுகிறது. நான்கு மீட்டர் உயரத்துக்குக் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, மனை போட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். ஏரி என்று தெரிந்தால் பட்டா ரத்து. போதாததற்கு ஒவ்வொரு வீட்டு மின் மீட்டரிலும் அரசு ஒரு கேட்பானைப் பொருத்தியது. யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று அது பார்க்காது. எந்த வீட்டில் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்ளும். ஒரு பொருள் இன்னதுதான் என்று தீர்மானிக்கையில், அங்கே வாழ்பவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லாயம் சான்றாக எடுக்கும்.

அதனால் ஊரே கூடி அந்தச் சொல்லை விட்டுவிட்டது. கரைக்கு மேட்டு ரோடு என்று பெயர். மதகு கல் மேடை ஆயிற்று. பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் அந்த வார்த்தை வந்தால் ‘நீர்நிலை’ என்று மாற்றிப் படிப்பார்கள். சொன்னால் அடி விழாது, எழுதிய விதியும் கிடையாது. சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

புதன்கிழமை மாலை மேட்டு ரோட்டில் கூட்டம் போட்டோம். நலச் சங்கச் செயலாளர் மரியதாசன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருடம் லாரி ஓட்டி மாடி வீடு கட்டியவர்.

“நாளைக்கு வேற எது வேணா பேசு பூரணி. அதை மட்டும் சொல்லிடாத. மனை போயிடும்.”

“திங்கக்கிழமை எப்படியும் போகுதுண்ணே.”

“நம்மதான் போறோம். மனை நம்ம பேர்ல இருக்கும்ல?”

“ஏழு ஊர்ல உக்காந்துக்கிட்டு, பேர்ல மட்டும் வெச்சுக்கிட்டு என்னண்ணே பண்றது? அதைச் சொன்னா இழப்புன்னு ஆகும், தண்ணி வரும். வீடு முழுகும், வாஸ்தவம். ஆனா கரையில இருக்கலாம், தண்ணி மேல மிதவை போட்டும் இருக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. எல்லாரும் ஒண்ணா இருப்போம்.”

அவர் தன் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாடியின் ஒவ்வொரு செங்கல்லும் அவருக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

மறுநாள் காலை போனபோது, சொல்லாயத்தின் கூடம் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் முந்நூறு பேர் அதற்குள் முண்டியடித்து நின்றோம். சுவரில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து நிதானமான குரல் வந்தது.

“சாலையில் நீர் இல்லை. மொட்டைமாடியில் நீர் இல்லை. உங்கள் நிலத்திலும் இல்லை. இவற்றுக்குள் வேறுபாடு என்ன?”

“அது சாலையும் இல்ல, மாடியும் இல்ல. ஏரி,” என்றேன். எனக்குப் பின்னால் முந்நூறு பேரும் மூச்சை இழுத்தது கேட்டது.

“தரைமட்டம் மாற்றப்பட்டுள்ளது. வரைபடங்கள் கிடைக்கவில்லை. ஆகவே அங்கே வாழ்பவர்களின் பேச்சே சான்று. நாற்பத்தோரு ஆண்டுகளில், தொள்ளாயிரம் வீடுகளில், அந்தச் சொல் ஒரே ஒரு முறை பதிவாகியுள்ளது. கதவெண் இருநூற்றுப் பன்னிரண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன். ஒரு முறை சொன்னது சான்றாகாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு என் வீடு. கல்யாணம் ஆகி வந்த அன்று சாயங்காலம், ஜன்னலைத் திறந்துவிட்டு, “ஏரிக் காத்து நல்லா வருது” என்றேன். என் கணவர் சேந்தன் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். புது மாப்பிள்ளை வேறு எதற்கோ கிட்டே வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதை இப்போது சொல்லவும் சிரிப்பு வருகிறது. அன்று கூடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒரு யோசனைதான் வந்தது.

“எங்களை மாதிரியே தொள்ளாயிரம் வீடு இருக்கிற வேற ஊர்ல, அதே நாற்பத்தோரு வருஷத்துல, அந்தச் சொல் எத்தனை தடவை வந்திருக்கு? தண்ணிக்கே சம்பந்தமில்லாத ஊரா பாத்துச் சொல்லுங்க.”

“ஒப்பிடத்தக்க ஊர் ஒன்றில் இருபத்தெட்டாயிரம் முறை. பாடம், கதை, பயணப் பேச்சு ஆகியவற்றில்.”

“எங்க பிள்ளைங்களும் அதே பாடம்தான் படிக்குது. நாங்களும் ஊர் சுத்திப் பாக்கப் போறோம். தமிழ் பேசுறவங்க வாயில அந்தச் சொல் இருக்கணுமா, இல்லையா?”

“இயல்பாக இருக்க வேண்டும்.”

“எங்ககிட்ட இல்ல. அந்த ஒரு தடவை சொன்னது நான்தான். வெளியூர்லேருந்து வந்த அன்னிக்கு, பாத்தவுடனே, யாரும் சொல்லிக் குடுக்காம சொன்னேன். மறுநாள்லேருந்து சொல்லல. கல்லுக்கும் அந்தச் சொல் இல்ல, எனக்கும் இல்ல. உங்க சட்டப்படியே கேக்கறேன். எங்க பேச்சுல அது இல்லாதது அல்லாமையா, இழப்பா?”

குரல் நின்றுவிட்டது. கூடத்தில் எந்தக் கேள்விக்கும் சொல்லாயம் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்ததில்லை என்பார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் போயிற்று. ஹபீபா என் கையை எலும்பு நோகப் பிடித்திருந்தாள்.

“இழப்பு,” என்றது சொல்லாயம். “உரிய சொல், உரியவர்களிடம் இல்லை. நிலத்தைப் பற்றிய சான்று இப்போது அந்த இழப்பின் காரணத்தில் இருக்கிறது. ஏன் இழந்தீர்கள்? மனை வைத்திருப்பவர் ஒருவர் சொல்ல வேண்டும். பூரணி அவர்கள் பெயரில் மனை இல்லை.”

உண்மைதான். பட்டா சேந்தன் பெயரில் இருக்கிறது. அவர் முன்னால் வர இடம் கேட்டு முண்டிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு கை அவரை ஒதுக்கியது. மரியதாசன் அண்ணன்.

மனிதர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. நாற்பத்தோரு வருடம் விட்டுவைத்த ஒரு சொல்லை அறுபத்தாறு வயதில் சொல்லப் பார்க்கிறவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

“ஏரிங்க,” என்றார். “ஏரிதான். தெரிஞ்சேதான் வாங்கினோம். மனை போயிடும்னு பயந்து சொல்லல. இத்தனை வருஷமா... ஏரிக்குள்ளதாங்க குடியிருக்கோம்.”

அவர் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஹபீபா “ஏரி” என்றாள். சேந்தன் சொன்னார். பிறகு யார் சொன்னது, யார் சொல்லாதது என்று தெரியவில்லை. முந்நூறு பேரும் கல்யாண வீட்டுச் சத்தம்போல மாறி மாறிச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள், சிலருக்குச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கவில்லை. கூடத்தின் கேட்பான் அத்தனையையும் எண்ணிக்கொண்டது. நான் வேண்டுமென்றே இருபது தடவை சொன்னேன், பத்தொன்பது வருடப் பாக்கி இருந்தது அல்லவா.

“வெள்ளித்திட்டு ஏரி,” என்றது சொல்லாயம். “நீர் இழந்தது. திருப்பித் தருக.”

திங்கட்கிழமை வரவேண்டிய வண்டிகள் வந்தன. மிதவைகளை ஏற்றிக்கொண்டு வந்தன. ஐந்து மாதம் ஊரே சேர்ந்து வேலை செய்தோம். இடிபாடுகளை அள்ளிக் கரையை உயர்த்தினோம். கல் மேடையைத் தோண்டினால் அதற்குள் மதகு அப்படியே இருந்தது. ஆவணி மாதம் ஒரு காலையில் நீர்வலையைத் திறந்துவிட்டார்கள். என் வீட்டுத் தரைக்கு நானே பார்த்துப் பார்த்து வாங்கிய பச்சை ஓடு தண்ணீருக்குள் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்க்கிற சந்தோஷத்துக்கு முன்னால் அந்த வலி நிற்கவில்லை. மரியதாசன் அண்ணனின் மாடி மட்டும் முழுகாமல் நின்றது. இப்போது எங்கள் படகுத்துறை அதுதான். அவர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற எல்லோரிடமும் ஏரியைப் பற்றிப் பேசுகிறார். நிறுத்தச் சொன்னாலும் கேட்பதில்லை. என் மிதவையும் ஹபீபாவின் மிதவையும் சமையலறைப் பக்கமாகச் சேர்த்துக் கட்டியிருக்கின்றன.

ஏரி நிரம்பிய மறுநாள் காலை படகில் அலுவலகம் போனேன். ஜன்னலுக்கு வெளியே வரிசை தெருமுனை தாண்டி நின்றது. கையில் மனுவோடு ஒருவரும் வரவில்லை. வேறு வேறு ஊர்க்காரர்கள், வேறு வேறு வயது. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார்கள். முதலில் நின்ற பெண்மணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டினாள்.

“மேடம், எங்க ஊர்லயும் ஒரு வார்த்தை இருக்கு,” என்றாள். “நாங்க சொல்றதில்ல.”

இழப்புப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன்.

“அவசரமில்ல,” என்றேன். “வர்றப்ப சொல்லுங்க.”